உதவி மேசையில் யார்?

தீ அபாய மணி அலறியது.

நீச்சல் குளத்தில் அப்போது சிறுவர் வகுப்பு. மணிச் சத்தம் உயரமான கூரையில் முட்டி, தண்ணீரில் விழுந்து, நாலு சுவரிலும் திரும்பத் திரும்ப அடித்தது. ரப்பர் தொப்பி போட்ட பிள்ளைகள் வாத்துக்குஞ்சுகள் போல வரிசையாக வாசலுக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் துண்டைச் சுற்றிக்கொண்டு பெரியவர்கள். தலையில் பாதி ஷாம்பூவோடு வந்த ஒரு பெண்மணி, புகையையும் காணோம் பொறியையும் காணோம், எவன் செய்த வேலை இது என்று சத்தமாக விசாரித்துக்கொண்டே வெயிலில் நின்றார்.

தீ எங்குமே பிடிக்கவில்லை. மணியை அடிக்கச் சொன்னவர், எதிரே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சலவைக்கடை வேன் மாதிரி வேஷம் கட்டி நின்ற ஒரு வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

இணையக் குற்றப் பிரிவின் அதிகாரி. ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'கேள்வி மேடம்'. டீ கொண்டுவந்து வைப்பவரிடம், நேற்று இதே டீ ஏன் கொஞ்சம் கசந்தது என்று விசாரித்து, பால்காரர் மாறிய கதைவரை கறந்துவிடுவார். அவருடைய வீட்டுக்காரர், "எங்க வீட்ல தினமும் குறுக்கு விசாரணைதான், சம்பளம் மட்டும் ஆபீஸ்ல" என்று சொல்வது வழக்கம்.

இந்தத் தீ மணி யோசனையும் அவருடையதுதான். "மணி அடிச்சா எல்லாரும் வெளியே ஓடுவாங்க. எவன் உள்ளே ஓடுறானோ, அவன்தான் நம்ம ஆள்" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்.

அப்படியே நடந்தது. அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக இருந்த நீச்சல் மாஸ்டர், கடைசிப் பிள்ளையின் முதுகைத் தட்டி வெளியே அனுப்பினார். எல்லோரும் வெளியேறியதை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று திரும்பி, ஈரத்தரையில் வழுக்காமல், தண்ணீர் சூடாக்கும் அறையை நோக்கி ஓடினார். அங்கே குழாய் ரிப்பேர்க்காரர்கள் போல நின்றிருந்த இரண்டு காவலர்கள் அவரை அமுக்கிப் பிடித்தார்கள்.

பிடித்தார்கள் என்றாலும் ஒரு கண் இமைக்கும் நேரம் தாமதம். துண்டு மாட்டும் கம்பிக்குக் கீழே இருந்த ஒரு பொத்தானை அதற்குள் அவர் அழுத்திவிட்டார்.

*

அந்தக் குளம் அவருடையது. தண்ணீர் எப்போதும் இதமான சூட்டில் இருக்கும். சுற்றுவட்டாரத்துத் தாய்மார்கள் பிள்ளைகளை அங்கேயே சேர்ப்பதற்கு அதுதான் காரணம். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

சூடு வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கடுக்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களிலிருந்து. அவை ஓட ஓடக் கொதிக்கும். குளத்துத் தண்ணீர் குழாய் வழியாகப் போய் அந்தக் கொதிப்பை வாங்கிக்கொண்டு திரும்பும். கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி, பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடுவது குற்றம் ஒன்றும் இல்லை. யாருக்கு விடுகிறோம் என்பதில்தான் விஷயம். சாதாரணத் தேடலில் அகப்படாத, முகம் மறைத்தவர்கள் மட்டும் நடமாடுகிற 'டார்க் வெப்' என்ற இருட்டுச் சந்தையில் இவருடைய கடைக்கு நல்ல பெயர். பெயர் கேட்க மாட்டோம், உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க மாட்டோம், போலீஸ் கடிதம் வந்தால் குப்பையில் போடுவோம் என்பது கடையின் உறுதிமொழி. அப்படி ஒரு கடை இருந்தால் எந்த மாதிரி வாடிக்கையாளர் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர்களில் ஒருவன் 'ஆந்தை'. அது அவன் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். ஒரு சின்னப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்றான். கதிர் சிகிச்சை நடந்துகொண்டிருந்த நோயாளிகளின் கணக்குகள், எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்ற விவரங்கள், எல்லாம் பூட்டுக்குள். சிகிச்சை பாதியில் நின்றது. நிற்கக் கூடாத சிகிச்சை அது. இடைவெளி நீள நீள, அடங்கிய கட்டி மறுபடி தலைதூக்கும் என்று அங்கிருந்த டாக்டர் தினமும் போன் செய்து நினைவுபடுத்தினார்.

ஆந்தை வேறொரு வழக்கில் தற்செயலாக மாட்டிக்கொண்டான். பூட்டின் சாவி என்கிற அந்த நீளமான எண்வரிசை, வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, வேறு நகல் இல்லை என்று ஒப்புக்கொண்டான். அந்தக் கம்ப்யூட்டர் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. உலகத்தில் எத்தனையோ பெரிய ஆஸ்பத்திரி இருக்க, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை எப்படிப் பிடித்தாய் என்று கேள்வி மேடம் கேட்டபோது மட்டும் சிரித்தான். "விசாரிச்சேன், சொன்னாங்க" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே இருக்கும் யாரோதான் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் முடிவு கட்டியது. வரவேற்பில் உட்காரும் பெண்ணிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. கேள்வி மேடத்துக்கு அந்தப் பதில் போதவில்லை. நகக்கண்ணில் ஏறிய மரச் சிலாம்பு மாதிரி அந்தக் கேள்வி அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

*

கடையைக் கண்டுபிடிக்க அவர் எடுத்த வழி எளிமையானது. தானே ஒரு வாடிக்கையாளர் ஆனார்.

'தவளை-4' என்ற பெயரில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் ஒதுக்கப்பட்டது. குறைகளைச் சொல்ல ஒரு முகவரியும் இருந்தது. அங்கிருந்து வரும் பதில்களின் கீழே 'மேசை' என்று கையெழுத்து இருக்கும். உதவி மேசை. அதையே அந்த ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார் மேடம்.

போலீஸ் கடிதத்துக்கு வருஷக்கணக்கில் பதில் போடாத கடை, வாடிக்கையாளர் முனகினால் உடனே ஓடி வந்தது. மேடம் தினம் ஒரு புகார் அனுப்பினார். வேகம் இல்லை, திறக்கவில்லை, திறந்தால் மூடவில்லை. மேசை சலித்துக்கொண்டதே இல்லை. "பொறுங்க சார், பாத்துட்டேன், இதோ சரியாயிடும்" என்று எழுதும். சரியாகவும் ஆகிவிடும். நடுவில் ஒரு நகைச்சுவை, ஒரு ஆறுதல். கண் எரிகிறது என்று மேடம் ஒரு தடவை எழுதியதற்கு, திரையையே முறைத்துப் பார்க்காமல் இமைக்கச் சொல்லி அன்பாக ஒரு அறிவுரை வந்தது. கள்ளச் சந்தையில் இப்படி ஒரு தங்கமா என்று மேடத்துக்கு வியப்பு. யார் இந்த ஆள் என்ற ஆவல் வழக்கையும் மீறி வளர்ந்தது.

அந்த நல்ல குணமே கடையைக் காட்டியும் கொடுத்தது. வாரம் தவறாமல் ஒரே கிழமையில் வேகம் குறைகிறதே என்று மேடம் விடாமல் கேட்டபோது, மேசை மழுப்பாமல் உண்மையைச் சொன்னது. "அன்னைக்குத் தண்ணி மாத்துவாங்க சார். அதுவரைக்கும் மெஷினுக்குக் கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும்."

தண்ணீரா? கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில், மாற்றுகிற அளவுக்கு எங்கே தண்ணீர்?

மேடத்தின் உதவியாளர், எப்போதும் தோளில் வயர்ச் சுருளோடு திரிவதால் 'சுருள்' என்று பெயர் வாங்கியவர், மின்சாரம் அதிகமாக இழுக்கும் இடங்களையும் தண்ணீர் அதிகமாக வாங்கும் இடங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். குளம் வந்தது. மேடம் குளிக்கப் போகிறவர் மாதிரி போய்ப் பார்த்தார். அறிவிப்புப் பலகையில் சிறுவர் வகுப்புகளின் பெயர்கள்: தவளை, மீன், சுறா. தன் கம்ப்யூட்டரின் பெயரையும், ஆந்தை தன் கம்ப்யூட்டருக்குச் சொன்ன பெயரையும் நினைத்துக்கொண்டார். சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு பொருத்தமும் இருந்தது. காலையில் சிறுவர் வகுப்பு நடக்கும் நேரத்தில் மேசையிடமிருந்து பதில் வராது. மாஸ்டர் தண்ணீரில் நிற்கிறார், அதனால் மேசை காலி. மேசையும் மாஸ்டரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று கோப்பில் எழுதினார்கள்; அதை உறுதிசெய்யத்தான் தீ மணி. ஆனால் சமீப காலமாக அந்த நேரத்திலும் பதில் வர ஆரம்பித்திருந்தது. விசில் ஊதிக்கொண்டே டைப் அடிக்கிறாரோ என்று சுருள் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. சோதனைக்குக் கிளம்பும் முன், வழக்கம்போல ஒரு புகாரை அனுப்பிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

*

சூடாக்கும் அறைக்குள் நுழைந்ததும் மேடத்தின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. நீலக் குழாய்கள், சிவப்புக் குழாய்கள், அவற்றுக்கு நடுவே கண் சிமிட்டும் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒட்டுப்படம்: தவளை, மீன், சுறா.

ஒரே ஒரு திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. சுருள் அதைப் படித்துவிட்டு வந்து சொன்னதன் சாரம் இது: பொத்தானை அழுத்தியதால் எல்லாம் பூட்டிக்கொண்டது. மின்சாரத்தை நிறுத்தினால் அத்தனையும் அழியும். நிறுத்தாவிட்டாலும், குளம் மூடும் நேரமான மாலை ஐந்துக்குள் ரகசியச் சொல்லைக் கொடுக்காவிட்டால் தானே அழிந்துவிடும். ஆந்தையின் சாவியும் அதோடு போகும்.

மாஸ்டரைத் துண்டுகள் அடுக்கிய அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கைகள் பின்னால் பூட்டியிருந்தன. சுவரில் குளத்தின் விதிகள் எழுதிய பலகை. கேட்டதற்கெல்லாம் ஒரே பதில் வந்தது: வக்கீல் வரட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியாது மேடம். பாக்க மாட்டேன். அதுதான் என் தொழிலே. வீட்டை வாடகைக்கு விட்டவன் சமையலறையை எட்டிப் பாப்பானா?"

"வீட்டுக்குள்ள கொலை நடந்தா?"

"எட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

கல்லில் நார் உரிப்பது போல இருந்தது. மேலதிகாரி போனில் வந்தார். தலைமையகத்திலிருந்து நிபுணர்கள் வருவதற்கு இரவாகிவிடும், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார். ஐந்து மணி என்று மேடம் ஞாபகப்படுத்தினார். தொடாதீர்கள் என்று அவர் மறுபடி சொன்னார்.

அந்த நேரத்தில்தான் மேடத்தின் போனில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

மேசை பதில் போட்டிருந்தது.

"வணக்கம் சார். உங்க தவளை மட்டுமில்ல, இன்னைக்கு எல்லாமே படுத்திருக்கு. என்னன்னு தெரியல. ஆள் விட்டு விசாரிக்கிறேன். சிரமத்துக்கு மன்னிக்கணும். - மேசை"

மேடம் போனைப் பார்த்தார். மாஸ்டரின் பின்னால் பூட்டியிருந்த கைகளைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

திரையை அவர் முன்னால் நீட்டியதும் அத்தனை நேரம் கல்லாக இருந்த முகம் முதன்முதலாக அசைந்தது. அது தானாகப் பதில் சொல்லும் புரோகிராம் என்றார் அவசரமாக. சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று தெரிந்தது.

மேடம் ஒரு ஓரமாகப் போய் நின்று எழுதினார்: "நீங்க மனுஷனா மெஷினான்னு என் பார்ட்னர் கேக்கறார்."

"மெஷினா இருந்தா இந்நேரம் எண்ணெய் போட்டு ஓட்டியிருப்பாங்களே சார். எனக்குத் தொண்டைக்கு வெந்நீர்தான்."

சுருள் எட்டிப் பார்த்துவிட்டு, இது புரோகிராம் என்றால் நான் நாளைக்கே வேலையை விடுகிறேன் என்றார்.

மேடம் யோசித்தார். மாஸ்டர் இங்கே இருக்கிறார். மேசை வேறு எங்கோ இருக்கிறது. அப்படியென்றால் வகுப்பு நேரத்தில் மேசை ஏன் காலியாக இருந்தது? இப்போது ஏன் காலியாக இல்லை? நாள்கணக்காக மனசுக்குள் நமைத்த கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினார்.

"முன்னெல்லாம் காலையில உங்களைப் பிடிக்கவே முடியாதே. இப்ப உடனே வர்றீங்க?"

மறுபடி 'டிங்'.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டிருந்தேன் சார். கரண்ட் வைக்க. இப்ப அங்க கம்ப்யூட்டரை யாரோ படுபாவி பூட்டிட்டானாம். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அதான் சும்மா இருக்கேன்."

கரண்ட் வைப்பது என்று ஜனங்கள் சொல்வது கதிர் சிகிச்சையைத்தான். ஈரத் துண்டுகளின் வாசனைக்கு நடுவே மேடம் அதை இன்னொரு முறை படித்தார். பிறகு மாஸ்டருக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேசை உங்களுக்கு என்ன உறவு?"

வக்கீல் வரட்டும் என்றார் மாஸ்டர்.

"தொண்டையில புத்து. பாதி சிகிச்சையில நிக்குது. உங்களுக்கு யார் அவர்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா" என்றார். "அவளை இதுல இழுக்காதீங்க. அவளுக்குப் பேசக் குரல் போயிடுச்சு, டைப் அடிச்சா அவளுக்கு ஒரு தெம்பு. கடைகளுக்கு இடம் வாடகைக்கு விடுறோம்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். யாரையும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

அந்த ஆஸ்பத்திரியைப் பூட்டிய சாவி உங்கள் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று மேடம் சொன்னார். மாஸ்டர் நம்பவில்லை. போலீஸ்காரர்கள் காரியம் ஆக எதையும் சொல்வார்கள் என்றார். உலகம் முழுக்க இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கும்போது, அது தன்னிடம்தான் வந்து விழ வேண்டுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, நிஜம் என்றால் எந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார்.

"சுறா-2."

அந்தப் பெயர் கடைக்காரருக்கும் மேசைக்கும் வாடகைக்கு எடுத்தவனுக்கும் மட்டுமே தெரிந்த பெயர். மாஸ்டரின் உதடு வெளுத்தது. அக்காவைத் தினமும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். சிகிச்சை நின்ற அன்று, பூட்டியவன் கை அழுகிப் போக என்று அக்காவின் முன்னால் சபித்திருக்கிறார். அன்று மாலையும் வழக்கம்போல அடுக்குகளுக்கு நடுவே நடந்து, சுறா-2 சூடாகாமல் ஒழுங்காக ஓடுகிறதா என்று கையை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று பெருமைப்பட்ட மனிதருக்கு, எட்டிப் பார்க்காததுதான் வினையாக வந்திருந்தது.

ரகசியச் சொல்லைச் சொல்கிறேன் என்றார்.

சுருள் மேடத்தை வாசலுக்கு இழுத்துப் போனார். "மேடம், இவங்கல்லாம் ரெண்டு சொல் வச்சிருப்பாங்க. ஒண்ணு திறக்கும். இன்னொண்ணு எல்லாத்தையும் துடைச்சிட்டுப் போயிடும். துடைச்சிட்டா சாட்சியே கிடையாது, இவர் ஜாலியா வீட்டுக்குப் போகலாம். எதைச் சொல்றார்னு நமக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். மேலதிகாரி தொடாதே என்கிறார். தொடாவிட்டால் ஐந்து மணி. தொட்டுக் கெட்டால் பழி முழுக்கத் தன் தலையில் விழும். அந்த நோயாளிகளுக்கோ பழி சொல்லக்கூட நேரமில்லை. மேடம் திரும்பி வந்து மாஸ்டரின் முகத்தையே பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. இந்த முறை கேட்டது மாஸ்டர்தான்.

"நாளைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நான் இருக்க மாட்டேன். ஆட்டோவுல ஏறினா அவளுக்குக் குமட்டும். யாரையாவது காரோட அனுப்புவீங்களா மேடம்?"

ஆளைப் பதிலை வைத்து எடை போடுவதைவிடக் கேள்வியை வைத்து எடை போடுவது சுலபம் என்பது மேடத்தின் நெடுநாள் அனுபவம். அனுப்புகிறேன் என்றார். பிறகு சுருளிடம், அவர் சொல்வதை அப்படியே அடியுங்கள் என்றார்.

மாஸ்டர் தலையை நிமிர்த்திச் சுவரில் இருந்த விதிப் பலகையைப் பார்த்தார். மூன்றாவது விதியை எழுத்து விடாமல், இடைவெளி இல்லாமல் வாசித்தார். குளத்தோரம் ஓடாதீர்கள்.

காலையிலிருந்து அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சுருள் பலகையை ஒரு முறை முறைத்துப் பார்த்தார். அடித்தார். கடைசியாக விசையைத் தட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னோக்கி ஓடிய கடிகாரம் நின்றது. திரை திறந்தது.

*

சாவி போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் முதல் கம்ப்யூட்டர் திறந்துகொண்டதும் டாக்டர் போன் செய்தார். நாளைக் காலையே ஆரம்பிக்கலாம் என்றார். சுருள் கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்ததும் ஒவ்வொன்றாக அணைப்பார்கள். நாளையிலிருந்து குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அந்த ஷாம்பூ பெண்மணி அதற்கும் சேர்த்துப் போலீஸைத் திட்டுவார் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

மேசையைப் பார்க்காமல் வழக்கு முடியாது. உண்மையாகச் சொன்னால், பார்க்காமல் மேடத்துக்கும் தூக்கம் வராது.

வீடு அடுத்த தெருவில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் மேடத்தைவிடக் கொஞ்சம் மூத்த பெண். மெலிந்த முகம். கழுத்தைச் சுற்றி மெத்தென்ற துணி. கதிர் பட்ட தோல் துணியின் விளிம்பில் கறுத்துத் தெரிந்தது. சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப், பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். உதவி மேசை என்பது நிஜமாகவே ஒரு மேசைதான்.

தவளை-4 நான்தான் என்று மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அக்கா முதலில் விழித்தார். அப்புறம் மேடத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, காற்று மாதிரி வந்த குரலில், "இத்தனை நாளும் உன்னை சார் சார்னு கூப்பிட்டேனேம்மா" என்றார். கண் எரிச்சல் இப்போது தேவலையா என்றும் விசாரித்தார்.

மேடம் தான் யார் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அடையாள அட்டையைக் காட்டினார். தம்பி எங்கே இருக்கிறான், ஏன் என்று சொன்னார். நாளைக் காலை கார் வரும் என்றும் சொன்னார். அக்கா அழவில்லை. பிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடை நல்ல கடை இல்லை என்று கொஞ்ச நாளாகவே மனசுக்குள் அரித்ததாகவும், கேட்காதே என்று அவன் சொன்னதால் கேட்கவில்லை என்றும் மெல்லச் சொன்னார்.

ஆஸ்பத்திரியைப் பூட்டியவன் பிடிபட்டுவிட்டானா என்று அவரே கேட்டார். பிடிபட்டுவிட்டான் என்றார் மேடம். அவனும் அக்காவின் வாடிக்கையாளர்தான் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆந்தை என்ற பெயரில் யாரையாவது ஞாபகம் இருக்கிறதா என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

அக்காவின் முகம் மலர்ந்தது.

"தெரியாம என்ன? சுறா-2. தங்கமான பையன். எனக்குக் கரண்ட் வைக்கப் போறாங்கன்னு சொன்னப்ப, அவன் ஒருத்தன்தான் எந்த ஆஸ்பத்திரி, அங்க கம்ப்யூட்டரெல்லாம் பழசா புதுசா, ராத்திரியில யார் பாத்துக்கறாங்கன்னு ஒண்ணுவிடாம அக்கறையா விசாரிச்சான்."